கேஸ் விற்ற காசு எங்கே போச்சு? எண்ணெய் இருக்கிற ஏழை நாடு முன்னேற முடியுமா?

#1 தன்லின் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். போனில் 31 சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது, அதற்குள் கேட்டுவிடுகிறேன்.

நேற்று கடையில் கரண்ட் போனதும் சும்மா உட்கார்ந்து கயானா பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். தென் அமெரிக்காவில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் இருக்கிற சின்ன நாடு. 2015-இல் கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 2019 டிசம்பரில் எடுக்க ஆரம்பித்தார்கள். 2022-இல் ஒரே வருடத்தில் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறது. அங்கேயும் நம் ஆட்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு இருக்கிறது, தமிழ் மறந்துபோனாலும் சாமியை விடவில்லை.

நம் மியான்மருக்கும் கடலில் கேஸ் இருக்கிறது. யாடானா கேஸ் 1998-இலிருந்து தாய்லாந்துக்குப் போகிறது, ஷ்வே கேஸ் 2013-இலிருந்து சீனாவுக்குப் போகிறது. நான் பிறந்ததிலிருந்தே விற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சால்டரிங் அயர்ன் சூடாக வேண்டுமென்றால் ஜெனரேட்டர் போட வேண்டும். அதற்கு எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்து விற்கிற பெட்ரோலை வாங்க வேண்டும். அந்தப் பெட்ரோல் வெளிநாட்டிலிருந்து வந்தது. கேஸ் வெளியே போகிறது, பெட்ரோல் உள்ளே வருகிறது, நடுவில் நான் கையில் அயர்னோடு உட்கார்ந்திருக்கிறேன்.

எண்ணெயோ கேஸோ இருக்கிற ஏழை நாடு அந்தக் காசை வைத்து மேலே வர முடியுமா? வந்த நாடு ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள்.

#2 நடுவர்

வழக்கமான வேண்டுகோள்தான். யார் ஆட்சி, யார் கட்சி என்று போகாமல் கணக்கைப் பேசுங்கள். வெங்காய விலை இழையையே பூட்ட வேண்டியதாகிவிட்டது, ஞாபகம் இருக்கட்டும்.

#3 பழைய கணக்கர்

கணக்கு என்று சொன்னதால் வருகிறேன்.

தம்பி, நான் ரங்கூனில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் 30 வருடம் கணக்கெழுதினவன். என் மேசையில் எப்போதும் இரண்டு நோட்டு இருக்கும். சிவப்பு அட்டை நோட்டில் ஒரு டாலருக்கு நம் காசு 6 கியாட், அது அரசாங்க விகிதம். நீல அட்டை நோட்டில் அன்றைக்குத் தெருவில் என்ன விலையோ அது. 2007 வாக்கில் 1,200, 1,300 என்று எழுதின ஞாபகம். இரண்டுக்கும் நடுவில் டாலருக்குப் பதிலாகப் புழங்கின எஃப்.இ.சி. என்று ஒரு சீட்டு வேறு இருந்தது, 1993-இல் வந்தது, 2013-இல்தான் ஒழிந்தது. முதலாளிக்கு நீல நோட்டு, ஆபீசர் வந்தால் சிவப்பு நோட்டு.

அந்த 6 எங்கிருந்து வந்தது? 1977-இல் ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகான எஸ்.டி.ஆர். ஒன்றுக்கு 8.50847 கியாட் என்று கட்டிப்போட்டார்கள். டாலருக்குத் திருப்பினால் ஐந்தரை, ஆறு என்று வரும். 35 வருடம் அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை. 2012 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் 818 என்று அறிவித்தார்கள்.

இப்போது கேஸுக்கு வா. நாடு 100 கோடி டாலருக்குக் கேஸ் விற்றது என்று வைத்துக்கொள். சிவப்பு நோட்டில் எழுதினால் வரவு 600 கோடி கியாட். நீல நோட்டில், டாலர் 1,000 என்றே போட்டாலும், ஒரு லட்சம் கோடி கியாட். பட்ஜெட்டை எழுதினது சிவப்பு நோட்டில். நாட்டுக்கு டாலர் கொண்டுவந்த பெரிய சரக்கு, வரவுசெலவுப் புத்தகத்தில் வெற்றிலை பாக்குக் காசாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பணம் இல்லை என்று சொன்னால் அந்த நோட்டுப்படி அது பொய்யே கிடையாது. டாலர் டாலராகவே எங்கோ தங்கிவிட்டது. பற்றாக்குறைக்கு இங்கே பண நோட்டு அச்சடித்தார்கள், அரிசி விலை ஏறியது, எங்கள் வீட்டில் மீன் குழம்பில் மீன் குறைந்தது.

அதனால் எந்த நாட்டு எண்ணெயைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் கேட்பது, வரவை எந்த நோட்டில் எழுதுகிறார்கள் என்றுதான். கிணறு எத்தனை என்பதெல்லாம் அப்புறம்.

#4 தன்லின் தம்பி

ஐயா, தலை சுற்றுகிறது. ஒரே வருமானம், 600 கோடியும் அதுவே, ஒரு லட்சம் கோடியும் அதுவேயா? எங்கள் வீட்டில் இதை யாருமே சொன்னதில்லை.

#5 ஏனான்ஜாங் பேரன்

கணக்கர் ஐயா 1977-இலிருந்து ஆரம்பித்துவிட்டார். நம் எண்ணெய்க் கதை அதற்கும் முன்னூறு பக்கம் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கொள்ளுத்தாத்தா ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்து ஏனான்ஜாங் எண்ணெய் வயலில் கூலி வேலை பார்த்தவர். ஏனான்ஜாங் என்றாலே நாற்றத்தண்ணீர் ஓடை என்றுதான் அர்த்தம். வெள்ளைக்காரன் துளைபோடும் மெஷினோடு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அங்கே கையால் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தார்கள். 24 குடும்பங்களுக்கு அது பரம்பரை உரிமை. துவின்சாயோ என்று பெயர், அதில் ஆறு குடும்பங்களில் பெண்கள் வழியாக உரிமை இறங்கியது. 1790-களிலேயே பர்மிய ராஜாவின் ஆவா தர்பாருக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தூதர்கள் அங்கே நூற்றுக்கணக்கான கிணறுகளைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

தோண்டுகிற விதத்தைத் தாத்தா சொல்வார், அவருக்கு அவர் அப்பா சொன்னது. கிணற்று வாயின் மேல் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதன் மேல் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் ஆள் தொங்குவான், மறு முனையை நான்கைந்து பேர் பிடித்துக்கொண்டு சரிவில் நடப்பார்கள். கீழே விஷ வாயு, விளக்கு கொண்டுபோனால் வெடித்துவிடும். அதனால் இறங்குகிறவன் கண்ணை முன்னதாகவே துணியால் கட்டிவிடுவார்கள். கீழே போனதும் துணியை அவிழ்த்தால் இருட்டுக்குக் கண் பழகியிருக்கும், அந்த நொடியே வேலையைத் தொடங்கலாம். அவனுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட முழுசாக இருக்காது. மூச்சு முட்டினால் கயிற்றை ஆட்டுவான். ஆட்டவில்லை என்றாலும் இழுத்துவிடுவார்கள். பிற்பாடு முக்குளிக்கிறவர்கள் போடும் தலைக்கவசம் வந்தது, காற்றை மேலிருந்து பம்ப் அடித்தார்கள், கிணறும் ஆழமாகிக்கொண்டே போனது.

1886-இல் பர்மா ஆயில் கம்பெனி வந்தது, பதிவு ஸ்காட்லாந்தில். எண்ணெயை முதலில் படகில் ஐராவதி வழியாகக் கொண்டுவந்தார்கள், 1909-இல் ஏனான்ஜாங்கிலிருந்து சிரியம் ஆலை வரைக்கும் குழாய் போட்டார்கள். சிரியம்தான் இன்றைய தன்லின், தம்பி. உன் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் அத்தனை இருப்பதற்கு அந்த ஆலையும் ஒரு காரணம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்த லாபம் எங்கே போச்சு? ஈரானில் டார்சி என்கிறவர் எண்ணெய் தேடிக் கையிலிருந்ததையெல்லாம் கரைத்துவிட்டு நின்றபோது, 1905-இல் பணம் போட்டுக் காப்பாற்றியது பர்மா ஆயில் கம்பெனி. 1908-இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1909-இல் ஆங்கிலோ பெர்ஷியன் கம்பெனி ஆரம்பித்தார்கள், சாதாரணப் பங்குகளில் 97 சதவீதம் பர்மா ஆயில் கையில். அதுதான் இன்றைய பி.பி. என்கிற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி. ஏனான்ஜாங் இருக்கிற மகுவே மண்ணிலிருந்து எடுத்த லாபம் ஈரான் பாலைவனத்தில் விதையாகப் போனது. சௌக்கிலும் ஏனான்ஜாங்கிலும் மண் மண்ணாகவே இருந்தது. 1938-இல் கூலி கேட்டுத் தொழிலாளர்கள் ரங்கூன் வரைக்கும் நடந்தே வந்தார்கள், பர்மிய வருடம் 1300 போராட்டம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள் அல்லவா, அது. 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரனே கிணறுகளையும் சிரியம் ஆலையையும் கொளுத்திவிட்டுப் போனான். 1963-இல் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

மோட்டார் சைக்கிளுக்கு கேஸ்ட்ரால் ஆயில் ஊற்றுகிறோம் இல்லையா? அந்த கேஸ்ட்ராலை 1966-இல் வாங்கினது இதே பர்மா ஆயில் கம்பெனி. இங்கே கிணறு போன பிறகும் அங்கே கம்பெனி பிழைத்துக்கொண்டது, 2000-இல் பி.பி. அதை விலைக்கு வாங்கியது.

#6 வியாசர்பாடி பர்மாக்காரன்

சென்னையிலிருந்து. எங்கள் குடும்பம் 1964-இல் கடையை விட்டுவிட்டுக் கப்பலேறியது, பி.வி. காலனியில் செட்டிலானோம், ஆனாலும் மனசு அங்கேதான்.

எல்லோரும் பழைய கதை பேசுகிறீர்கள். பதில் ரொம்பச் சுலபம், நார்வே. 1969-இல் எண்ணெய் கிடைத்தது. கம்பெனி லாபத்தில் 78 சதவீதம் வரி. 1990-இல் எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வைக்கிற நிதிக்குச் சட்டம், 1996-இல் முதல் தவணை போட்டார்கள். நிதியை வெளிநாட்டில்தான் முதலீடு செய்வார்கள், உள்ளூரில் கொட்டினால் விலைவாசி ஏறும் என்று. வருடத்துக்கு 4 சதவீதம் அளவுக்குத்தான் எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள், 2017-இல் அதையும் 3 ஆக்கிவிட்டார்கள். இதை அப்படியே காப்பி அடித்தால் முடிந்தது.

#7 குழாய் இன்ஜினியர்

அண்ணே, காப்பி அடிப்பது சட்டத்தை. ஆட்களை எங்கிருந்து காப்பி அடிப்பீர்கள்? எண்ணெய் கிடைப்பதற்கு முன்னாலேயே நார்வேயில் வரி வசூல் ஒழுங்காக இருந்தது, கோர்ட் இருந்தது, பத்திரிகை இருந்தது, கப்பல் தொழில் இருந்தது. அவர்களுக்கும் ஆரம்பத்தில் எண்ணெய் தெரிந்த ஆள் இல்லை. 1968-இல் மகனின் வைத்தியத்துக்காகக் குடும்பத்தோடு வந்த ஃபாரூக் அல் காசிம் என்கிற ஈராக்கிய நிலவியலாளரை அமைச்சகத்தில் சேர்த்துக்கொண்டார்கள், அவர் அங்கே எண்ணெய் நிர்வாகத்துக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர். அந்நியன் என்று பார்க்கவில்லை. 1964-இல் உங்களைக் கப்பலேற்றின ஊர் இது, நினைத்துப் பாருங்கள்.

சட்டம் மட்டும் போதும் என்றால் சாட் நாடு இன்றைக்குச் சிங்கப்பூராகியிருக்கும். உலக வங்கி கடன் கொடுப்பதற்கு முன்னால் 1999-இல் பிரமாதமாக ஒரு சட்டம் போட வைத்தது. 10 சதவீதம் வருங்காலத் தலைமுறைக்கு, பெரும்பங்கு கல்வி, சுகாதாரம், சாலைக்கு. 2003-இல் எண்ணெய் ஓட ஆரம்பித்தது. 2006-இல் சட்டத்தைத் திருத்தித் தலைமுறை நிதியைத் தூக்கினார்கள், பாதுகாப்புச் செலவையும் பட்டியலில் சேர்த்தார்கள். 2008-இல் உலக வங்கி நமக்கு வேண்டாம் சாமி என்று விலகிக்கொண்டது.

நான் கடல் குழாய் வேலையில் சில வருடம் இருந்தவன், எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கேஸில் ஒரு சங்கடம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயைப் பீப்பாயில் ஊற்றி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். குழாய் கேஸ் அப்படியில்லை, குழாய் எங்கே போய் முடிகிறதோ அவன்தான் வாடிக்கைக்காரன். யாடானா குழாய் கடலுக்கடியில் 346 கிலோமீட்டர், கரையில் 63 கிலோமீட்டர், முடிகிற இடம் தாய்லாந்து எல்லை. அத்தனை செலவு செய்கிறவன் நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் குழாய் போட மாட்டான். கேஸின் பெரும்பகுதி அப்போதே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. யாங்கோனுக்கு, அதாவது ரங்கூனுக்கு, நேராகக் கடல் குழாய் வந்தது 2010-இல்தான். தம்பியின் கடையில் கரண்ட் இல்லாததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை, ஆனால் வரிசையில் நாம் பின்னால் நிற்கிறோம்.

அப்புறம் கணக்கர் ஐயா சொன்ன நோட்டு விஷயம். கிணற்றுக்கு ஒரு கூட்டாண்மை, குழாய்க்கு ஒரு கம்பெனி. 2022 வரைக்கும் இரண்டிலும் பங்குதாரர்கள் அதே நான்கு பேர், நம் அரசாங்க எண்ணெய் நிறுவனம் எம்.ஓ.ஜி.இ.க்கு இரண்டிலும் 15 சதவீதம் இருந்தது. குழாய்க் கம்பெனி பதிவானது பெர்முடாவில். கேஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றும் கட்டணம் கிணற்றுக் கணக்கில் செலவு, குழாய்க் கணக்கில் லாபம். கிணற்றில் அரசாங்கத்துக்கு ராயல்டி, லாபப் பங்கு, வரி எல்லாம் சேர்ந்து பெரிய பங்கு. குழாயில் பங்குதாரர் என்கிற பங்குதான். கட்டணம் கூடினால் எந்தப் பக்கம் எடை கூடும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒளித்துச் செய்தது ஒன்றுமில்லை, எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் நம் பக்கம் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதுதான்.

#8 வியாசர்பாடி பர்மாக்காரன்

சரி தம்பி, நார்வே வேண்டாம். கிழக்குத் திமோர்? ஏழை நாடு, 13 லட்சம் பேர், 2005-இலேயே நிதி வைத்தார்கள், 1,800 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

#9 குழாய் இன்ஜினியர்

சேர்த்தது உண்மை, மரியாதையாகவே சொல்கிறேன். ஆனால் அங்கேயும் 3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று எழுதி வைத்துவிட்டு வருடா வருடம் அதற்கு மேலே எடுக்கிறார்கள். பாயு உண்டான் வயல் வற்றிவிட்டது. உண்டியல் பெரிசு, வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேறு யாரும் இல்லை. கயானாவும் 2 சதவீத ராயல்டிக்குக் கையெழுத்துப் போட்ட ஊர்தான். முதல் வருடங்களில் வருமானத்தில் முக்கால்வாசி வரைக்கும் கம்பெனி தன் செலவுக்கென்று கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தில்தான் பாதி பாதி. வீடியோவில் இதைச் சொன்னார்களா?

#10 தன்லின் தம்பி

சொல்லவில்லை அண்ணா. பாலம் கட்டுவதைத்தான் காட்டினார்கள்.

#11 உளுந்து வியாபாரி

நான் பெகூ பக்கம் உளுந்து வாங்கி விற்கிறவன். சென்னையில் நீங்கள் தின்கிற இட்லியில் பாதி எங்கள் ஊர் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கொஞ்சமாவது எங்கள் ஊர்.

எண்ணெய்ப் பணத்தில் யாரும் பேசாத ஒரு விஷம் இருக்கிறது. டாலர் உள்ளே வந்தால் நம் காசு ஏறும். காசு ஏறினால் சந்தோஷம்தானே என்பார்கள். எனக்கு அது சாவு. 2009 வாக்கில் ஒரு டாலருக்கு 1,000 கியாட் கிடைத்தது, 2011 நடுவில் 800-க்கும் கீழே. பம்பாய்க்காரன் கொடுக்கிற டாலர் அதேதான். விவசாயிக்குக் கூலி, உரம், மாட்டுத் தீனி எல்லாம் கியாட்டில், அது குறையவில்லை. நூறு மூட்டைக்கு வந்த காசு எண்பது மூட்டைக் காசாகிவிட்டது. கேஸ் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், மரம், மணிக்கல், அரசாங்கச் சொத்து விற்பனை, வெளியிலிருந்து வந்த முதலீடு எல்லாம் சேர்ந்துதான். ஆனால் கேஸ் பெரிய ஆள்.

ஹாலந்தில் 1959-இல் கேஸ் கண்டுபிடித்து இதே கதை ஆகி, டச்சு நோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நைஜீரியாவில் கானோ என்ற ஊரில் கடலை மூட்டைகளைப் பிரமிடு மாதிரி அடுக்கி வைத்திருப்பார்களாம், பழைய படங்களில் பார்த்தால் கோயில் கோபுரம் மாதிரி இருக்கும். எண்ணெய் வந்தது, கோபுரம் போச்சு.

#12 மோல்மேன் அக்கா

நான் டீச்சர், கணக்கு அவ்வளவு வராது. ஆனால் 2007 ஆகஸ்ட் 15 எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது. அப்போது ரங்கூனில் வேலை. காலையில் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் வழக்கமான பஸ் பாதி வரவில்லை. வந்த பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு மடங்கு கேட்டான். ராத்திரியோடு ராத்திரியாக டீசல் விலையை 1,500-இலிருந்து 3,000 ஆக்கிவிட்டார்கள், பஸ்ஸுக்குப் போடுகிற கேஸ் ஐந்து மடங்கு. எனக்கு முன்னால் நின்ற கூடைக்காரம்மா கையிலிருந்த சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே நாங்களும் நடந்தோம். அடுத்த மாதம் பிக்குகள் தெருவில் இறங்கினதும் அப்புறம் நடந்ததும் எல்லோருக்கும் தெரியும், நடுவர் கோபித்துக்கொள்வார்.

கேஸ் விற்கிற ஊரில் கேஸ் விலை ஐந்து மடங்கு ஏறியது. அதற்கு எனக்கு இன்றுவரைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

#13 பழைய கணக்கர்

அம்மா, பதில் என்னிடம் பாதிதான் இருக்கிறது. மானிய விலையில் கொடுத்துக்கொண்டே இருந்தால் பட்ஜெட் தாங்காது என்றார்கள். சிவப்பு நோட்டுப்படி தாங்காதுதான்.

மானியத்தைக் குறைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். கார் வைத்திருக்கிறவனுக்குத்தான் அதில் அதிக லாபம். எப்படிக் குறைப்பது என்று இருக்கிறது. ஈரானைப் பாருங்கள். 2010 டிசம்பரில் அவர்களும் பெட்ரோல், ரொட்டி விலையெல்லாம் தாறுமாறாக ஏற்றினார்கள். ஆனால் ஏற்றுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் பேங்க் கணக்கு திறக்கச் சொல்லி, தலைக்கு மாதம் 4,55,000 ரியால் போட்டார்கள். கணக்கில் பணம் தெரிந்தது, அப்புறம்தான் விலை ஏறியது. பின்னால் விலைவாசி ஏறி அந்தப் பணத்தைத் தின்றுவிட்டது, அது வேறு கதை. ஆனால் அன்றைக்குக் கூடைக்காரம்மா நடந்து போகவில்லை.

#14 வியாசர்பாடி பர்மாக்காரன்

அலாஸ்காவிலும் 1982-இலிருந்து ஆளுக்கு வருடா வருடம் பணம் தருகிறார்கள். அப்படியே எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டால் திருட என்ன இருக்கும்?

#15 உளுந்து வியாபாரி

அண்ணே, நம் ஊரில் அடையாள அட்டையே இல்லாத தமிழன் எத்தனை பேர்? அவனை எந்தப் பட்டியலில் தேடுவீர்கள்?

#16 மோல்மேன் அக்கா

இது சத்தியமான வார்த்தை.

நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன். இந்தோனேசியா பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் டிரெயினிங்கில் ஒரு பாடம் வந்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறினதும் அந்தப் பணத்தில் ஊர் ஊராக ஆரம்பப் பள்ளி கட்டினார்கள். 1978-க்குள் 61,000-க்கு மேல். பிள்ளைகள் பள்ளிக்குப் போவது எந்த மாவட்டத்தில் குறைவோ அங்கே அதிகம் கட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு சம்பளம் கூடியிருக்கிறது என்று ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வெளிநாட்டு பேங்கில் போட முடியாது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

#17 குழாய் இன்ஜினியர்

அக்கா பாயிண்டைப் பிடித்துவிட்டார். தம்பி கேட்ட 'வந்த நாடு இருக்கிறதா' என்ற கேள்விக்கு நார்வேயைவிட இந்தோனேசியாதான் நமக்குப் பக்கத்து உதாரணம். அவர்களும் யோக்கியர்கள் இல்லை. 1975-இல் அவர்களுடைய எண்ணெய் நிறுவனம் பெர்டாமினா 1,000 கோடி டாலருக்கு மேல் கடனில் முழுகியது. மேலிடத்தில் சொந்தக்காரர்கள் சாப்பிட்டது உலகத்துக்கே தெரியும். ஆனாலும் இரண்டு காரியம் செய்தார்கள். கேஸை வைத்து யூரியா செய்து நெல்காரனுக்குக் கொடுத்தார்கள். உலகத்திலேயே அதிகம் அரிசி இறக்குமதி செய்த நாடுகளில் ஒன்று, 1984-இல் தன் சோற்றைத் தானே விளைத்துக்கொண்டது. இரண்டாவது உளுந்து அண்ணனுக்கு. 1978 நவம்பரில், எண்ணெய் டாலர் வந்துகொண்டிருக்கும்போதே, டாலருக்கு 415 ரூப்பியாவாக இருந்ததை 625 ஆக்கினார்கள். தங்கள் காசைத் தாங்களே இறக்கினார்கள்.

#18 உளுந்து வியாபாரி

அப்படியென்றால் அங்கே ரப்பர்காரனும் காப்பிக்காரனும் பிழைத்திருப்பான்.

#19 குழாய் இன்ஜினியர்

பிழைத்தான். அதனால்தான் 1980-களில் எண்ணெய் விலை விழுந்தபோது அவர்களிடம் விற்பதற்கு வேறு சரக்கு இருந்தது. நைஜீரியாவிடம் அப்படி ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

#20 ஏனான்ஜாங் பேரன்

நம்மிடமும் கேஸில் யூரியா செய்யும் ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் விவசாயி வாங்குகிற மூட்டையில் பெரும்பாலும் வெளிநாட்டு எழுத்து. அதைச் சொன்னால் அழுகைதான் வரும், விடுங்கள்.

போன வருடம் மகுவே பக்கம் உறவுக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போனேன். வழியில் தனியார் எண்ணெய் வயல். மூன்று கம்பத்தை முக்காலி மாதிரி நட்டு, ஒரு பழைய டீசல் எஞ்சினை வைத்துக் கயிறு சுற்றுகிறார்கள். நீளமான ஒல்லிக் குழாய், அடியில் வால்வு. இறக்கி, தூக்கி, தொட்டியில் கவிழ்த்தால் பாதி தண்ணீர், பாதி பச்சை கலந்த கறுப்பு. எண்ணெய் மேலே மிதக்கும் வரைக்கும் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் டப்பாவால் மேலாக வழித்து எடுத்துக்கொண்டிருந்தார், பாலாடை எடுக்கிற மாதிரி. அதே மண், அதே கயிறு. கண்ணில் துணி மட்டும் இல்லை.

#21 நடுவர்

இழை நன்றாகப் போகிறது. இன்றைய விஷயத்துக்கும் யாராவது வரலாம், எல்லை தாண்டாமல்.

#22 உளுந்து வியாபாரி

எல்லை தாண்டாமல் வருகிறேன். இது முழுக்கக் கணக்கு.

2022 ஆகஸ்டில் அரசாங்க விகிதத்தை 2,100 ஆக்கினார்கள். ஏற்றுமதி செய்கிறவன் தன் டாலரில் ஒரு பங்கை அந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். பங்கை அவ்வப்போது மாற்றினார்கள், 2023 டிசம்பரில் 35 சதவீதம். நான் 1,000 டாலருக்கு உளுந்து விற்றேன் என்று வையுங்கள். 350 டாலருக்கு 2,100 போட்டால் 7,35,000 கியாட். தெருவில் 3,500 என்று வைத்தால் அதே 350 டாலர் 12,25,000. என் கையிலிருந்து 4,90,000 போச்சு. அதை நான் என் பெட்டியிலிருந்தா கொடுப்பேன்? பாவம்தான், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், விவசாயிக்குக் கொடுக்கிற விலையில் குறைத்துவிடுவேன்.

அப்போது கேஸுக்கு இரண்டு விலை. இப்போது உளுந்துக்கும் வந்துவிட்டது.

#23 பழைய கணக்கர்

ஒரு வித்தியாசம் இருக்கிறது தம்பி, தெளிவாக இருக்கட்டும். அன்றைக்கு 6 கியாட் போட்டது அரசாங்கம் தன் வரவையே தனக்குக் குறைத்து எழுதிக்கொண்டது. இன்றைக்கு 2,100 போடுவது உன் வரவைக் குறைத்து எழுதுவது, அதாவது பெயரில்லாத ஒரு வரி. ஆனால் நீ சொன்ன மாதிரி, இரண்டிலும் கடைசியாகக் குறைவது வயலில் நிற்கிறவனுக்குத்தான் போலிருக்கிறது.

2012-இல் அந்த 818-ஐப் பார்த்தபோது இனிமேல் ஒரே நோட்டு போதும் என்று நினைத்தேன். ஆபீசில் பையன்களுக்கு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். 2014-இல் கேஸ் வருமானத்தை வெளியில் சொல்கிற சர்வதேச அமைப்பில் சேர்ந்தார்கள், கம்பெனி கொடுத்தது எவ்வளவு, அரசாங்கம் வாங்கினது எவ்வளவு என்று அருகருகே போட்டுப் பார்க்க முடிந்தது. அப்போதுகூட அரசாங்க நிறுவனங்கள் லாபத்தில் பாதிக்கு மேல் 'மற்றக் கணக்கு' என்று பட்ஜெட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ள முடிந்தது. அதை மூட முடிவெடுத்தது 2019-இல். அப்புறம் மூச்சு விட இரண்டு வருடம்கூட இல்லை, 2021-இல் ராணுவம் வந்துவிட்டது.

#24 நடுவர்

ஐயா...

#25 பழைய கணக்கர்

நிறுத்திக்கொண்டேன்.

#26 தன்லின் தம்பி

மன்னிக்கவும், நேற்று ராத்திரி போன் அணைந்துவிட்டது. இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அக்கா சொன்ன பள்ளிக்கூடக் கதையை என் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன், அவளுக்கு நம்பிக்கையில்லை, 61,000 என்பதில் ஒரு சைபர் கூட என்கிறாள்.

கணக்கர் ஐயா, ஒன்று கேட்கலாமா? அந்த இரண்டு நோட்டும் இப்போது உங்களிடம் இருக்கிறதா? ஒரு போட்டோ போட்டால் பார்ப்போம்.

#27 மோல்மேன் அக்கா

தங்கையிடம் சொல்லு, சைபர் சரிதான்.

#28 பழைய கணக்கர்

நீல நோட்டு 2008-இல் நர்கிஸ் புயலில் கூரை போனபோது நனைந்து கூழாகிவிட்டது, எழுத்தே தெரியவில்லை. சிவப்பு நோட்டு பீரோவுக்குள் இருந்ததால் தப்பித்தது. பேரன் வந்ததும் போட்டோ எடுத்துப் போடச் சொல்கிறேன்.